அப்பாவும் சப்டைட்டிலும்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டணம். ஓசூரில் வேலை. சனிக்கிழமையானால் வீட்டுக்கு வந்துவிடுவேன். அப்பா முதலில் டூரிங் டாக்கீஸிலும் பிறகு கிருஷ்ணகிரியில் ஒரு தியேட்டரிலும் புரொஜெக்டர் ஆபரேட்டராக இருந்தவர். எனக்குச் சினிமாப் பைத்தியம் பிடித்ததே அவரால்தான். இப்போது நான் ஈரான் படம், ஜப்பான் படம் என்று தேடிப் போட்டுக் காட்டினால், பாதியில் தூங்கிவிடுகிறார். இல்லையென்றால் “இப்ப என்ன சொன்னான்?” என்று நச்சரிக்கிறார். அவர் ரசனையை எப்படி உயர்த்துவது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

ரசனையை உயர்த்தும் பேச்சை முதலில் விடுங்கள். இந்த வயதில் ஓடுகிற ஆங்கில எழுத்தைத் துரத்திப் படிப்பது லேசான வேலையா? எழுத்தைப் பிடித்தால் நடிகரின் முகம் போய்விடும். தூங்காமல் என்ன செய்வார்? (சில விருதுப் படங்களில் நானும் தூங்கியிருக்கிறேன். அதற்குச் சப்டைட்டிலைக் குறை சொல்ல முடியாது.)

என்ன சொன்னான் என்று கேட்கிறவருக்குப் படத்தில் ஆர்வம் இருக்கிறது. நீங்களே தமிழில் சொல்லுங்கள். 1931இல் தமிழ்ப் படம் பேச ஆரம்பிப்பதற்கு முன்பு, திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வதற்கென்றே ஆள் இருந்தார். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் தப்பில்லை. ஒரே புரொஜெக்டர் இருந்த டூரிங் கொட்டகையில் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளைதானே.

அப்புறம், ஆபரேட்டர் பார்த்த சினிமாவே வேறு. இரண்டு புரொஜெக்டர் இருந்த தியேட்டரில், ரீல் முடியப்போகும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். உடனே அடுத்த புரொஜெக்டரின் மோட்டாரை ஓடவிட வேண்டும். ஏழு நொடி போல கழித்து இரண்டாவது புள்ளி. அப்போது படத்தை இதிலிருந்து அதற்கு மாற்ற வேண்டும். நடுவில், புரொஜெக்டருக்கு வெளிச்சம் தருகிற இரண்டு கார்பன் குச்சிகளும் எரிந்து குறையக் குறைய, அவற்றுக்கு நடுவிலுள்ள இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். அசந்தால் திரை மங்கும், தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். கதாநாயகி அழுதுகொண்டிருக்கும்போது இவர் கண் அந்த மூலையில் இருக்கும். அப்படிப்பட்டவரிடம் கதை புரிந்ததா என்று கேட்காதீர்கள். வெளிச்சம் எப்படி, காட்சி எந்த இடத்தில் வெட்டி மாறுகிறது என்று கேளுங்கள். உங்கள் ஜப்பான் படத்தில் நீங்கள் கவனிக்காததை அவர் சொல்லக்கூடும்.

அவர் கேட்கிற படத்தையும் போடுங்கள். உங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் பலர் தெலுங்கு என்.டி.ஆரையும் கன்னட ராஜ்குமாரையும் சப்டைட்டில் இல்லாமலே ரசித்தவர்கள். கன்னட வசனத்துக்கு அவர் அர்த்தம் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள்.

அந்த டூரிங் டாக்கீஸ் எந்த ஊரில் இருந்தது என்று எழுதவில்லையே. அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்.