கறிவேப்பிலைப் புழுவும் பிளஸ் ஒன் குரூப்பும்

வணக்கம் அம்மா. "பத்தாவது பரீட்சை நெருங்குது, இவன் புழுவுக்குத் தழை பறிச்சுக்கிட்டு இருக்கான்" என்று சொல்லும்போதே உங்கள் கண் கலங்கிவிட்டது. உங்கள் கவலை நியாயம்தான். ஆனால் அவன் பையிலிருந்து எடுத்துக் காட்டிய நோட்டைப் பார்த்த பிறகு, பையனைப் பற்றி எனக்குப் பயம் இல்லை.

கறிவேப்பிலைச் செடியில் முட்டை கண்ட தேதி, பறவை எச்சம் போல இருந்த புழு பச்சையாக மாறிய நாள், தொட்டதும் தலைக்குப் பின்னால் ஆரஞ்சுக் கொம்பை நீட்டி அது விட்ட நாற்றம், எல்லாம் இருக்கிறது. எலுமிச்சை அழகி என்று பெயரையும் சரியாக எழுதியிருக்கிறான். நான் நின்று படித்தது வேறொரு பக்கம். ஒரு கூட்டுப்புழுவிலிருந்து பட்டாம்பூச்சி வரவே இல்லை. சின்னத் துளை வழியாக, சிற்றெறும்பு அளவில் குளவிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்திருக்கின்றன. வீணாகிவிட்டது என்று தூக்கிப் போடாமல், எத்தனை வந்தன என்று எண்ணி எழுதியிருக்கிறான்!

மற்றப் பூச்சிகளின் உடலில் முட்டையிட்டு, அவற்றைத் தின்றே வளரும் இந்த மாதிரிக் குளவிகளை வைத்து ஒரு துறையே இருக்கிறதம்மா. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவியது. மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, பெருக்கி, தோட்டங்களில் விட்ட பிறகுதான் கட்டுக்குள் வந்தது. செய்தவர்கள் பூச்சியியல் படித்தவர்கள்.

பட்டாம்பூச்சியை மட்டும் பார்த்துச் சம்பளம் வாங்கும் வேலை நம் நாட்டில் ரொம்பக் குறைவு. இதை அவனிடமும் மறைக்கவில்லை. அதனால் பிளஸ் ஒன்னில் பயோ-மேத்ஸ் குரூப் எடுக்கட்டும். மனம் மாறினால் இன்ஜினியரிங் வழியும் திறந்தே இருக்கும். அப்புறம் பி.எஸ்சி. வேளாண்மை, அதன் மேல் பூச்சியியலில் எம்.எஸ்சி. என் கணக்கில் இவனுக்கு இதுதான் நல்ல வழி. விலங்கியல் படித்தால் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலோ, டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்திலோ மேற்படிப்பு இருக்கிறது. ஐ.எஃப்.எஸ். என்கிற இந்திய வனப் பணித் தேர்வுக்கும் இந்தப் பட்டங்கள் செல்லும்.

பரீட்சை முடியும்வரை புழு வளர்க்க ஒரே ஒரு பாட்டில், மாலையில் அரை மணி நேரம். அதற்கு அவன் சரி என்றுவிட்டான். பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள். மூடிக்குப் பதில் வலைத்துணி கட்டி, கூடு கட்ட ஒரு குச்சி வைத்தால் போதும். கடைக் கறிவேப்பிலை மட்டும் வேண்டாம், அதில் மருந்து இருந்தால் புழு செத்துவிடும். காட்டுப் பக்கம் போனால் எதையும் பிடித்து வரக் கூடாது. சில இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன.

லீவு விட்டதும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பூச்சி அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் அழைத்துப் போங்கள். அங்கே யாரிடமாவது அந்தக் குளவிப் பக்கத்தைக் காட்டி, அது என்ன குளவி என்று அவனையே கேட்கச் சொல்லுங்கள்.