முகாந்திரம் எதற்கு?

அன்புள்ள ஐயா,

காஸா பற்றிய கட்டுரையில், 'இனப்படுகொலை நடப்பதற்கு முகாந்திரம் இருப்பதாக சர்வதேச நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லவில்லை என்று அதன் தலைவராக இருந்தவரே பிபிசி பேட்டியில் சொல்லிவிட்டார். பிபிசியும் பிறகு விளக்கக் கட்டுரை போட்டது. நீங்கள் திருத்துவீர்களா?

ஒரு வாசகர்

நண்பருக்கு,

திருத்திவிட்டேன். கட்டுரையின் தலையிலேயே, தேதி போட்டு. அடியில் பொடி எழுத்தில் போட்டால் யார் பார்ப்பது?

2024 ஜனவரி 26 அன்று ஹேக்கில் அப்போதைய நீதிமன்றத் தலைவர் ஜோன் டோனஹ்யூ உத்தரவை வாசித்தபோது டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். காதில் விழுந்த சொல் 'பிளாசிபிள்', அதாவது ஏற்கத்தக்கது. கோர்ட் செய்திகள் படித்துப் பழகிய கை, அதை முகாந்திரம் என்று எழுதிவிட்டது. நம் ஊரில் முகாந்திரம் என்றால் குற்றச்சாட்டுக்குத்தான். நீதிபதிகள் பேசியதோ உரிமையைப் பற்றி: இனப்படுகொலையிலிருந்து காக்கப்படும் உரிமை பாலஸ்தீனர்களுக்கு உண்டு என்று, இஸ்ரேல் மீது வழக்குப் போட்ட தென்னாப்பிரிக்கா சொன்னது ஏற்கத்தக்கது, அவ்வளவுதான். குற்றம் நடந்ததா இல்லையா என்பது பிரதான வழக்கில் முடிவாக வேண்டியது, அன்று வந்தது இடைக்கால உத்தரவு. திரையின் அடியில் ஓடும் பட்டையில் இதற்கெல்லாம் இடம் ஏது? உலகம் முழுக்க சேனல்கள் சுருக்கின, நானும் சுருக்கினேன். (இந்த வித்தியாசம் அப்படியொன்றும் பெரிதில்லை என்று வாதிடும் சட்டக்காரர்களும் உண்டு. ஆனால் சொல்லாததைச் சொன்னதாக எழுதியது நான்தான்.)

சரி, டோனஹ்யூ அந்த ஏப்ரலில் பிபிசிக்குக் கொடுத்த பேட்டியிலும் பாதியை வெட்டி, 'கோர்ட் ஒன்றுமே சொல்லவில்லை' என்று சுற்றவிட்டார்களே, அதை யார் திருத்துவது? அந்த உரிமைக்கு ஈடுசெய்ய முடியாத பாதிப்பு வரும் ஆபத்தை உத்தரவு வலியுறுத்தியது என்றும் அதே மூச்சில்தான் சொன்னார். போரை நிறுத்தச் சொல்லவில்லை, உண்மை. ஆனால் 6 கட்டளைகள் போட்டார்கள். தூண்டிவிடும் பேச்சைத் தடுக்கவும் நிவாரணம் போய்ச் சேரவும் சொன்ன இரண்டுக்கு, இஸ்ரேல் தன் தரப்பில் நியமித்த நீதிபதி அஹரோன் பராக்கே ஆதரவாக வாக்களித்தார். அந்த இரண்டும் 16-1.

'ஏற்கத்தக்க உரிமை' என்று இப்போது மாற்றியிருக்கிறேன். காதுக்கு இதமாக இல்லை, வேறு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.

அப்புறம், என் பழைய வரியைப் படமாக்கி, கீழே கைதட்டும் பொம்மையோடு, என் மைத்துனரே வாட்ஸப்பில் எனக்கு அனுப்பியிருந்தார். உங்கள் கடிதத்தை அவருக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்து மூன்று நாள் ஆகிறது, பதில் இல்லை.