விக்டோரியா காலத்துப் பழைய படங்களில் எல்லோரும் ஏன் கறுப்பு உடையில் இருக்கிறார்கள்? துக்கமா?

பெரும்பாலும் துக்கம் இல்லை. பாதிப் பழி படம் பதிந்த தகட்டின் மேல்தான்.

1839-இல் வந்த டாகுரோடைப் என்ற போட்டோ முறையில் படம் பதிவது வெள்ளி பூசிய செப்புத் தகட்டில். அதற்கு நீலம்தான் நன்றாகத் தெரியும். சிவப்பும் மஞ்சளும் ஏறக்குறைய இருட்டு. சிவப்பு கவுன் கறுப்பாக விழும், வெளிர்நீலம் வெள்ளையாக விழும். நம்பிக்கை வராவிட்டால் ஒரு கலர் போட்டோவில் நீலச் சேனலை, அதாவது நீல வெளிச்சத்தின் பங்கை மட்டும், வைத்துப் பாருங்கள். தங்கையின் மாம்பழ மஞ்சள் புடவைப் படத்தில் நான் செய்து பார்த்தேன். புடவை கரிக்கட்டையாகிவிட்டது. "ஏண்ணா, என்னை இழவு வீட்டுக்கா அனுப்பப் போற?" என்றாள்.

அப்புறம், ஸ்டுடியோக்காரர்களே அடர்நிறத்தில் வரச் சொன்னார்கள். 1841 மார்ச்சில் லண்டன் ரீஜென்ட் தெருவில், பாலிடெக்னிக் கட்டடத்து மொட்டைமாடியில், ரிச்சர்ட் பியர்ட் இங்கிலாந்தின் முதல் போட்டோ ஸ்டுடியோவைத் திறந்தார். கண் கூசாமலிருக்க மேலே நீலக் கண்ணாடி. தலை ஆடாமலிருக்கப் பின்னால் இரும்புத் தாங்கி. முகம் பதியும்வரை காத்திருந்தால் வெள்ளைச் சட்டை வெறும் திட்டாகிவிடும், அளவு மீறினால் நீலம்கூடப் பாரிக்கும். கறுப்புப் பட்டிலோ பளபளப்பு இருப்பதால் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். வெல்வெட் மட்டும் வெளிச்சத்தை விழுங்கிவிடும்.

உடையை வைத்து எதையாவது கணிப்பதற்கு முன் பொத்தானைப் பாருங்கள். பல டாகுரோடைப்கள் இடம் வலம் மாறியவை. ஆணின் கோட்டு பெண்கள் சட்டை போலப் பூட்டியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது என்று பொருள். மோதிரமும் கை மாறியிருக்கும். நானே ஒருமுறை இதில் ஏமாந்தேன்.

எடின்பரோவில் ஹில்லும் ஆடம்சனும் 1843 முதல் காகித நெகட்டிவில் எடுத்தவை வேறு ரகம். பக்கத்து நியூஹேவன் ஊர் மீன்காரிகள் கோடு போட்ட பாவாடையும் கூடையுமாக, வேலைக்குப் போகும் கோலத்திலேயே நிற்கிறார்கள். எனக்கு அவைதான் பிடிக்கும்.

சரி, துக்கம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? விக்டோரியா மகாராணியிடமிருந்துதான் என்று நினைக்கிறேன். ஆனால் கணவர் ஆல்பர்ட் இறந்து அவர் நிரந்தரமாகக் கறுப்புக்கு மாறியது 1861-இல். அதற்கு முன்பே, 1852 ஜனவரியில், வில்லியம் கில்பர்ன் என்ற போட்டோக்காரர் ராணியைப் பிள்ளைகளோடு எடுத்த டாகுரோடைப்பில், படம் பதியும்போது ராணியின் கண்கள் மூடிக்கொண்டன. கோபத்தில் தன் முகத்தை மட்டும் தகட்டிலிருந்து சுரண்டி எடுத்தார், பிள்ளைகளை விட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடி உட்கார்ந்தபோது பெரிய விளிம்புள்ள பானெட் தொப்பியைப் போட்டுக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பிக்கொண்டார்.