அவர் எங்கே உட்காருவார்? – கடிதமும் பதிலும்

வணக்கம் அம்மா,

எனக்கு வயது 56. கோவையில் ஒரே நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் இருந்துவிட்டுப் போன மார்ச்சில் விருப்ப ஓய்வு பெற்றேன். இப்போது அதே நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து ஜிஎஸ்டி வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். பெயருக்குத்தான் பகுதி நேரம், தினமும் ஆறேழு மணி நேரம் ஆகிவிடுகிறது. லேப்டாப் இருந்தால் எங்கிருந்தும் செய்யலாம் என்பதால் ஓராண்டு ஊர் சுற்றிக்கொண்டே வேலை பார்க்கப் போகிறேன். மனைவியும் வருகிறார். 12 மாதம், 22 ஊர். எக்ஸெல் அட்டவணை இணைத்துள்ளேன். உத்தராகண்டில் இமயமலை மேல் இருக்கும் முன்சியாரிக்கு ஆறு நாள் போதுமா? மலையில் எந்த சிம் எடுக்கும்? இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்கிறான் மகன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

மகன் கேட்டதை விட்டுத்தள்ளுங்கள். 31 ஆண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்த மனிதர் எழுந்து நடக்க ஆசைப்பட்டால் அதற்கு யாருடைய சம்மதமும் வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்து உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். சிம் விஷயம், இரண்டு கம்பெனி சிம் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று இல்லாவிட்டால் ஒன்று எடுக்கும்.

அட்டவணையைத் திறந்தபோதுதான் கோபம் வந்தது. ஊர், போய்ச் சேரும் நேரம், கிளம்பும் நேரம், நெட் வேகம், அன்றைக்கு மீட்டிங் உண்டா இல்லையா. எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருக்கிறீர்கள். கூட வரும் மனுஷிக்கு ஒரு கட்டம்கூட இல்லை. கடிதத்திலும் அவருக்குக் கிடைத்தது இரண்டே சொல்தான்.

இது என் மனதில் வெகுநாளாக உறுத்திக்கொண்டிருப்பது. அதற்குக் காரணமும் முன்சியாரிதான். ஓர் அக்டோபரில் அங்கே தங்கியிருந்தேன். பக்கத்து அறையில் ஒரு மராட்டியத் தம்பதி, உங்கள் வயதுதான் இருக்கும். பத்து மணிக்குக் கணவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்துவிடுவார். அறையில் இருந்தது அந்த ஒரு மேஜை, ஒரு கட்டில். முதல் நாள் அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்து பையில் எதையோ தேடியிருக்கிறார். பிளாஸ்டிக் கவர் சரசரத்தது. கணவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது கையை மட்டும் பின்னால் நீட்டி, சத்தம் போடாதே என்று அசைத்தார். கதவு திறந்திருந்ததால் நான் பார்த்தேன். அந்த அம்மா எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு வராந்தாவுக்கு வந்தார். வெளியே வந்து மூச்சு விட்ட பிறகுதான் இருமினார்.

அதன் பிறகு அவர் பகல் முழுக்க அந்த வராந்தாவில்தான். இரண்டு மூன்று நாளில் கீழ்வீட்டில் கம்பளம் நெய்யும் பாட்டியோடு பழகிவிட்டார். ஊடை நூலை இரும்புச் சீப்பால் அடித்து இறக்கக் கற்றுக்கொண்டார். பஞ்சசூலியின் ஐந்து சிகரங்களில் எதன்மேல் முதலில் வெயில் விழுகிறது என்று எனக்குக் காட்டியவர் அவர்தான். மாலையில் கணவர் வெளியே வந்து "பனி தெரிந்ததா?" என்று கேட்பார். அதற்குள் மேகம் மூடியிருக்கும்.

அந்த ஊரிலிருந்து பள்ளத்தாக்கில் மேலே ஏறினால் மிலம். திபெத்தை ரகசியமாக நடந்து அளந்த நைன் சிங்கின் ஊர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த அவரை 1863-இல் பிரிட்டிஷ் இந்திய சர்வே அலுவலகம் வேலைக்கு எடுத்தது. யாத்திரிகர் வேடத்தில் திபெத்துக்குள் நடந்து 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். ஜபமாலையில் 108 மணி இருக்க வேண்டிய இடத்தில் அவருடையதில் 100. நூறு தப்படிக்கு ஒரு மணி தள்ளுவார். குறிப்புச் சீட்டுகள் கையில் சுழற்றும் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள். அவருக்கு நடையே வேலை. அவர் மட்டுமல்ல, அந்த ஜோஹார் பள்ளத்தாக்கின் ஷௌகா மக்கள் எல்லோருமே வேலையோடு நகர்ந்தவர்கள். கோடையில் ஆட்டின் முதுகில் தானியம் ஏற்றிக் கணவாய் கடப்பார்கள், திபெத்திலிருந்து உப்பும் கம்பளி மயிரும் கொண்டுவருவார்கள், குளிருக்குக் கீழே இறங்கிவிடுவார்கள். 1962 சீனப் போரோடு அந்த வியாபாரம் நின்றது, மிலமும் காலியானது.

பாதையைப் பார்க்காமல் அவர்களால் வேலை செய்திருக்க முடியாது. உங்கள் வேலை அப்படி இல்லை. முன்சியாரியில் உட்கார்ந்தாலும் உங்கள் திரையில் இருக்கப்போவது கோவைதான். அதில் தப்பில்லை, சம்பாதித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஊரைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வேன் என்று நினைக்காதீர்கள். அது நடக்காது. வேலை நேரம் வேறு, ஊர் பார்க்கும் நேரம் வேறு. விடிந்ததிலிருந்து பதினொரு மணிவரை போன் எடுக்க மாட்டேன் என்று கிளம்புவதற்கு முன்பே கம்பெனியில் பேசிவிடுங்கள். 31 ஆண்டு உழைத்தவருக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு. 11-ஆம் தேதி, 20-ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் கெடு உங்களுக்குத் தெரியாததில்லை. 20 தாண்டிய பிறகு மட்டும் ஊர் மாறுங்கள்.

22 ஊரை ஐந்தாகக் குறையுங்கள். எதை நீக்க வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை உங்கள் மனைவி முடிவு செய்யட்டும். அறை பேசும்போது நெட் வேகத்தைக் கேட்பதற்கு முன்னால், நீங்கள் மீட்டிங்கில் இருக்கும்போது அவர் எங்கே உட்காருவார் என்று கேளுங்கள். இரண்டு அறையோ, கதவு போட்ட தனி வராந்தாவோ இல்லாத இடம் வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். இருமல் வந்தால் அவர் இரும வேண்டும். குக்கர் வைக்க வேண்டும். யாராவது வந்தால் உட்காரவைத்துப் பேச வேண்டும். ஓராண்டுக்கு அதுதான் அவர் வீடு.

அசாமின் ஆற்றுத்தீவான மாஜுலியை ஜூலையில் போட்டிருக்கிறீர்கள், பிரம்மபுத்திரா கரை புரளும் மாதம். மாற்றுங்கள்.

முன்சியாரிக்கு ஆறு நாள் போதாது. காத்கோதாமில் ரயிலைவிட்டு இறங்கி ஏறக்குறைய 280 கிலோமீட்டர் மலைச்சாலை. அல்மோராவிலோ பாகேஸ்வரிலோ ஓர் இரவு தங்காமல் இந்த வயதில் இடுப்பு தாங்காது. போக இரண்டு நாள், வர இரண்டு நாள் என்றால் மிஞ்சுவது இரண்டு நாள், அதிலும் உங்களுக்கு மீட்டிங். போதாததற்கு ஆகஸ்டில் வைத்திருக்கிறீர்கள். மண் சரிந்து சாலை அடைபடும், சிகரம் ஒன்றும் கண்ணில் படாது. அக்டோபருக்குத் தள்ளி, ஒரு மாதம் இருந்துவிட்டு வாருங்கள்.

உங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவருக்கு எந்த ஊர் பார்க்க ஆசை என்று கேட்டு எழுதுங்கள்.