மோட்டார்ஹோமில் நெடும்பயணம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் கணவரும், உள்ளேயே சமைத்துத் தங்கும் வசதியுள்ள மோட்டார்ஹோம் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, சில வாரங்கள் நீண்ட பயணம் போகவிருக்கிறோம். நாளொன்றுக்கு 500 கிலோமீட்டர் ஓட்டிவிடலாம் என்கிறார் அவர். எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்றாலும் அவ்வளவு பெரிய வண்டியைத் தொடவே தயக்கமாக இருக்கிறது. ஆகவே ஓட்டுவது அவர் பொறுப்பு, சமையலும் வழி பார்ப்பதும் என் பொறுப்பு என்று பேசி வைத்திருக்கிறோம். இது சரிவருமா?

பதில்: பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, வேலையைப் பிரித்துக்கொண்ட விதத்தைத்தான் மாற்ற வேண்டும். இருவர் மட்டுமே செல்லும் வண்டியில் ஓட்டுபவர் ஒருவர்தான் என்றால், அவருக்கு நள்ளிரவில் காய்ச்சல் கண்டாலோ இடுப்பு பிடித்துக்கொண்டாலோ வண்டியோடு நீங்களும் அங்கேயே நின்றுவிட நேரும். நாளுக்கு ஒரு மணி நேரமாவது நீங்கள் ஓட்டியே ஆக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதற்கு முன், உங்கள் உரிமம் அந்த வண்டியின் எடைக்குச் செல்லுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் சாதாரணக் கார் உரிமத்துக்கு 3,500 கிலோ என்ற வரம்பு நெடுங்காலமாக இருந்துவருகிறது. வாடகை ஒப்பந்தத்திலும் இருவர் பெயரும் ஓட்டுநராக இடம்பெற வேண்டும். இல்லையென்றால் விபத்து நேரும்போது காப்பீடு கைகொடுக்காமல் போகக்கூடும்.

பிறகு ஆளில்லாத திடல் ஒன்றில் அரை நாள் பழகுங்கள். கார் ஓட்டிப் பழகியவர்களை ஏமாற்றுவது இவ்வண்டியின் வால்பகுதிதான். பின்சக்கரத்துக்கு அப்பாலும் உடற்பகுதி நீண்டிருப்பதால், ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுதாக ஒடிக்கும்போது வால் வலப்பக்கம் வீசும். அங்கே ஒரு கம்பமோ வேறொரு வண்டியோ இருந்தால் இடித்துவிடும். வண்டியின் பக்கவாட்டை ஒட்டித் தரையில் சாக்பீஸால் நேர்கோடு ஒன்று கிழித்துவிட்டு, ஒருவர் மெதுவாகத் திருப்ப, மற்றவர் பாதுகாப்பாகத் தள்ளி நின்று, வால் கோட்டைத் தாண்டி எவ்வளவு வெளியே வருகிறது என்று பாருங்கள். வேறு விளக்கமே தேவைப்படாது. ரிவர்ஸ் எடுக்கும்போது, கீழே நிற்பவர் கண்ணாடியிலிருந்து மறைந்த நொடியே வண்டி நின்றாக வேண்டும். கைச்சைகைகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கணவன் மனைவிக்குள் மனத்தாங்கல் முளைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

500 கிலோமீட்டர் என்பது வேண்டவே வேண்டாம். சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் கிடைத்தால்கூட அது எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டம். போய்ச் சேர்ந்த பின் வண்டியைச் சமதளத்தில் நிறுத்துவது, மின்னிணைப்புக் கொடுப்பது, தண்ணீர் பிடிப்பது, சமைப்பது எல்லாம் அதற்கு மேல். சாலை நேராகவும் காலியாகவும் இருந்தால் களைப்பு தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் நல்லார்பார் சமவெளி வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் வளைவே இல்லாத 146 கிலோமீட்டர் நீளப் பகுதி ஒன்று இருக்கிறது. அத்தகைய சாலைகளில்தான் கண் தானாகச் செருகும். 250 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நடந்து, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு நாள் வண்டியை நகர்த்தாமலே இருங்கள்.

கேள்வி: வண்டிக்குள் அலமாரிகள் நிறைய இருப்பதால் துணிமணி, பாத்திரம், மளிகை, இரண்டு சைக்கிள் என எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ள நினைக்கிறோம். எடையைப் பற்றியும் யோசிக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் யோசிக்க வேண்டும். அலமாரியில் இடம் இருப்பதால் சக்கர அச்சு அந்த எடையைத் தாங்கும் என்று ஆகிவிடாது. வண்டியில் பொருத்தியிருக்கும் தகட்டில் மொத்த எடை வரம்பும் ஒவ்வோர் அச்சுக்குமான வரம்பும் இருக்கும். நீங்கள் இருவரும் ஏறி, எரிபொருளும் தண்ணீரும் நிரப்பி, சாமான்களையும் ஏற்றிய பிறகு எடைமேடைக்குப் போய், முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியாக எடை போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. எனவே 100 லிட்டர் தொட்டி நிறைந்தால் 100 கிலோ கூடிவிடும். போகுமிடத்தில் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்றால் வழிக்குத் தேவையானதை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். கனமான பொருள்களை இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, தரையை ஒட்டி வையுங்கள். சைக்கிள்களை வால்பக்கம் மாட்டினால் பின் அச்சில் அவற்றின் எடையைவிடக் கூடுதலான சுமை விழும். முன்பக்கம் அந்த அளவுக்கு லேசாகி, ஸ்டியரிங்கின் பிடிமானம் குறையும். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கிலக்க எண்ணையும் பாருங்கள்: 2319 என்றால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. அதிகம் ஓடாமல் வெயிலில் நிற்கும் வண்டிகளில் தரையில் படும் பட்டன் தேயாமலே ரப்பரில் வெடிப்பு விட்டிருக்கும்.

கேள்வி: குளிர்ப் பகுதிகளில் வண்டியிலேயே இரவு தங்க வேண்டும். எரிவாயுவை நினைத்தால்தான் என் மனைவிக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: அவருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது, அதைப் போக்கும் வழிகளும் இருக்கின்றன. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையில்தான் தங்கும். அது வெளியேறத் தரையில் சிறு துவாரங்கள் இருக்கும். குளிர்காற்று வருகிறதென்று அவற்றை விரிப்பால் மூடிவிடாதீர்கள். அடுப்பை எரியவிட்டுக் குளிர்காய்வது அதைவிட ஆபத்து, ஏனென்றால் அதிலிருந்து வரக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அதற்கான எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று இருவரும் பொத்தானை அழுத்திச் சோதித்த பிறகே முதல் இரவு உறங்குங்கள். சமையல் எரிவாயுவாகப் பயன்படும் இரு வாயுக்களில், உறைநிலைக் குளிரில் பியூட்டேன் ஏறக்குறைய ஆவியாவதே இல்லை, ஆனால் புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். ஆகவே புரோப்பேன் நிரப்பிய சிலிண்டரைக் கேட்டு வாங்குங்கள். ஓடும்போது சிலிண்டரின் வால்வை மூடி வைப்பது நல்லது. கிளம்புமுன் வால்வு, கூரைச் சன்னல், வெளிப்படி, மின்கம்பி ஆகியவற்றை ஒருவர் பார்த்து முடித்ததும் மற்றவர் இன்னொரு முறை சுற்றிவந்து பார்க்கட்டும்.