அக்காகிட்ட கேளுங்க: வாயே திறக்க மாட்டேங்குறான்!

கேள்வி: அக்கா, பையனுக்கு ஒன்றரை வயசு. ஒரு வயசு வரைக்கும் நல்லா சாப்பிட்டவன் இப்ப சோத்து கிண்ணத்த பாத்தாலே ஓடுறான். போன்ல பாட்டு போட்டாதான் நாலு வாய் உள்ள போகுது, ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகுது. வெயிட் 10 கிலோ. மாமியார் தினமும் "புள்ள எலும்பும் தோலுமா இருக்கான்"னு பக்கத்து வீட்டு குழந்தையோட கம்பேர் பண்றாங்க. அழுகையா வருது. - திண்டுக்கல் வாசகி

பதில்: முதல்ல கண்ண தொடைங்க. உலக சுகாதார நிறுவனத்தோட சார்ட்ல 18 மாச ஆண் குழந்தைக்கு 8.8 கிலோல இருந்து 13.7 கிலோ வரைக்கும் சாதாரண அளவுதான், உங்க புள்ள அதுக்குள்ளதானே இருக்கான், அப்புறம் என்ன எலும்பும் தோலும்? பொறந்தப்ப 3 கிலோ இருக்குற குழந்தை ஒரு வயசுல கிட்டத்தட்ட 9 கிலோ ஆயிடும், ஆனா அடுத்த ஒரு வருஷம் முழுக்க ரெண்டு ரெண்டரை கிலோதான் ஏறும். வளர்ற வேகம் கொறையுது, பசியும் கொறையுது, அதுக்கு மேல நடக்க வந்துடுச்சு, உலகத்த சுத்தி பாக்குற அவசரத்துல சோறெல்லாம் அவனுக்கு ரெண்டாம் பட்சம்.

ஒண்ணு கேக்குறேன், சாப்பிடலையேன்னு நடுவுல பால் குடுக்குறீங்களா? நிறைய வீட்டுல இதான் நடக்குது. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல போனா வயிறு அதுலயே ரொம்பிடும், பால்ல இரும்புச்சத்து கம்மி, ரத்தசோகை வரும், ரத்தசோகை வந்தா பசி இன்னும் படுத்துடும். அதோட மதியம் பன்னெண்டு மணிக்கு கையில ஒரு பிஸ்கட்ட குடுத்துட்டு பன்னெண்டரைக்கு சோறு ஊட்டுனா யாருக்குதான் இறங்கும்.

போன் விஷயத்துல நான் கொஞ்சம் கறார்தான். ரெண்டு வயசுக்குள்ள ஸ்க்ரீனே வேணாம்னு 2019-லயே உலக சுகாதார நிறுவனம் சொல்லியாச்சு. பாட்டு ஓடும்போது அவன் வாய திறக்குறது பசியில இல்ல, வயிறு ரொம்புனதும் அவனுக்கே தெரியாது. நிறுத்துனா முதல் சில நாள் வீடு ரணகளமாதான் இருக்கும், வீட்டுல எல்லார்கிட்டயும் முன்னாடியே சொல்லிடுங்க, முக்கியமா சாயங்காலம் வந்து பாசத்துல போன நீட்டுற அவங்கப்பாகிட்ட. கீழ ஒரு பழைய புடவைய விரிச்சு, நீங்க சாப்பிடும்போதே அவனையும் பக்கத்துல உக்கார வைங்க, பருப்பு சாதத்துல நெய் விட்டு நல்லா மசிச்சு அவன் தட்டுலயே ரெண்டு ஸ்பூன் மட்டும் வைங்க. அள்ளுவான், தலையில தேய்ச்சுக்குவான், ரெண்டு பருக்கை வாய்க்கும் போகும். அரை மணி நேரத்துல தட்ட எடுத்துடுங்க, பின்னாடியே ஓடாதீங்க. என்ன, எப்ப குடுக்குறதுங்கிறது உங்க வேலை, எவ்ளோ சாப்பிடுறதுங்கிறது அவன் வேலை.

மாமியார்கிட்ட வாதாடாதீங்க, அடுத்த தடவ அங்கன்வாடியில எடை போடும்போது அவங்களையே கூட்டிட்டு போங்க. டீச்சரம்மா கார்டுல புள்ளி வச்சு "கோடு ஏறிட்டுதான்மா இருக்கு"ன்னு சொன்னா கேட்டுக்குவாங்க, அதையே நீங்க சொன்னா எடுபடாது, நம்ம ஊரு வழக்கம் அப்படி. வருஷத்துக்கு ரெண்டு தடவ குடுக்குற பூச்சி மாத்திரையையும் விட்டுடாதீங்க. எடை ஏறாம நின்னாலோ எறங்குனாலோ, மூஞ்சி வெளுத்திருந்தாலோ, மண்ணு சுண்ணாம்புன்னு திங்க ஆரம்பிச்சாலோ மட்டும் தள்ளிப்போடாம டாக்டர பாருங்க.

கேள்வி: தம்பி பொறந்ததுல இருந்து மூணரை வயசு பொண்ணு மறுபடி ஜட்டியிலயே போறா, பால் பாட்டில் கேக்குறா, யாரும் பாக்காதப்ப தம்பிய கிள்ளுறா. அடிக்கலாமா வேணாமா? - ஆவடி வாசகி

பதில்: வேணாம். வர்ற சொந்தக்காரங்க எல்லாம் நேரா தொட்டில்கிட்ட போறாங்க, இவள யாரு பாக்குறா? குட்டியா மாறுனாதான் அம்மா கிடைப்பாங்கன்னு அவ கணக்கு. ஜட்டி விஷயம் தானா சரியாகும், திட்டாம மாத்தி விடுங்க. "நீ பெரியவடி, விட்டுக்குடு"ங்கிற டயலாக்க கொஞ்ச நாளைக்கு மறந்துடுங்க. சின்னவன் தூங்கும்போது பாத்திரம் கெடக்கட்டும், கால் மணி நேரம் இவளோட மட்டும் உக்காருங்க. ரெண்டு பேரையும் தனியா மட்டும் விட்டுட்டு போகாதீங்க.

கேள்வி: இது கேள்வி இல்லக்கா, சும்மா சொல்லணும்னு தோணுச்சு. நேத்து என் மூணு வயசு பொண்ணு இடுப்புல கை வச்சுக்கிட்டு கரடி பொம்மைகிட்ட "இப்ப சாப்பிடுறியா, பூச்சாண்டிய கூப்பிடவா, எனக்கு தலைக்கு மேல வேலை கெடக்கு"ங்குறா. சிரிக்கிறதா அழறதான்னே தெரியல. - காரைக்குடி வாசகி

பதில்: சிரிங்க! தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதியும் வைங்க, அடுத்த வருஷம் இந்த மழலை இருக்காது. பூச்சாண்டிய மட்டும் வேலைய விட்டு அனுப்பிடுங்க, ராத்திரி லைட் அணைச்சதும் அவன் உங்க பொண்ணு கட்டிலுக்கு அடியிலதான் வந்து படுத்துக்குவான், அப்புறம் யாருக்கும் தூக்கம் கிடையாது. கரடி சாப்பிட்டுச்சான்னு அடுத்த தடவ எழுதுங்க.