"செக்கிட்" வேண்டாம், "செக்ட்" போதும்

தங்கச்சி, பாளையங்கோட்டையில் செவிலியர் படிப்பை முடித்து இங்கிலாந்துக்கு வந்திருக்கும் நீ, ஷிப்ட் மாறும்போது "செக்ட்" (checked) என்று சொன்னாலும் மற்றவர்களுக்கு "செக்" என்றே கேட்கிறது என்றும், எல்லா வினைகளையும் "செக்கிட்", "வாஷிட்" என்று நீட்டிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். நீட்ட வேண்டாம். புண்ணைக் கழுவியாயிற்றா, இனிமேல்தான் கழுவ வேண்டுமா என்பது அந்தச் சிறிய ஈற்றொலியில் தெரியவேண்டிய வேலை உன்னுடையது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முன்னாளில் ஆங்கிலத்தில் இறந்தகாலத்தைக் காட்டும் இந்த -ed ஈறு பெரும்பாலான வினைகளில் தனி அசையாகவே ஒலித்தது. பின்னர் ஒலி சுருங்கியது, எழுத்து மட்டும் பழையபடி நின்றுவிட்டது. ஆகவே எழுத்தைப் பார்க்காதே. தொண்டையில் விரலை வைத்து, வினையின் கடைசி ஒலியைச் சொல்லிப் பார். செக், வாஷ், காஃப் ஆகியவற்றின் கடைசி ஒலியில் அதிர்வு இராது. அங்கே "பட்டம்" என்பதில் வரும் வலிய ட். க்ளீன், கால் (call) போன்றவற்றில் அதிரும். அங்கே "படம்" என்பதில் வரும் மெலிந்த ட். வினையே இந்த இரண்டு ட் ஒலிகளில் ஒன்றில் முடிந்தால் மட்டும்தான் "அட்மிட்டிட்", "நீடிட்" என்று தனி அசை உண்டு. தமிழில் ஒரே ட் இடத்தைப் பொறுத்து வலிந்தும் மெலிந்தும் ஒலிப்பதை நம் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே விளக்கியிருக்கிறார். அதனால் இரண்டு ஒலிகளும் உனக்குப் புதியவை அல்ல. நாக்கை மட்டும் மடக்காமல், மேற்பல்லுக்குப் பின்னுள்ள ஈறு மேட்டில் தொடு.

உண்மையான சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. நம் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. நாடு, பாட்டு என்று குற்றியலுகரம் வந்து தாங்கிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் நாம் "செக்டு" என்று உகரம் சேர்க்கிறோம், இல்லையென்றால் க், ட் இரண்டும் அடுத்தடுத்து வரும்போது பின்னதை விட்டுவிடுகிறோம். இதற்கு நான் கண்டவரையில் சிறந்த வழி புணர்ச்சிதான். கடல், அலை இரண்டும் கடலலை ஆவதுபோல, அந்த மெய்யை அடுத்த சொல்லின் உயிரோடு சேர்த்துவிடு: "செக்ட் இட்" என்பதை "செக்-டிட்" என்றும், "வாஷ்ட் இட்" என்பதை "வாஷ்-டிட்" என்றும் சொல்லிப் பழகு. வாயும் தடுமாறாது, கேட்பவருக்கும் ஐயம் வராது.

அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால் ஆங்கிலேயரே அந்த ஒலியைப் பாதி விழுங்குவார்கள். ஆகையால் ஷிப்ட் மாற்றத்தில் மருந்தின் பெயரை முதலில் சொல்லி, பிறகு "ஐ செக்ட் இட் அட் சிக்ஸ்" என்று நேரத்தோடு சொல்; குறிப்பேட்டிலும் அதே நேரத்தை எழுதிவிடு.